‘எல்லோரும் வருக’: ஒட்டுத்துணியா, எம்ப்ராய்டரியா, ஸ்டென்சிலா, கோலமா?

திருநர் (திருநங்கை, திருநம்பி உள்ளிட்டோர்) உரிமைக்கு ஆதரவாக வீட்டில் ஏதாவது கையால் செய்து வைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது அழகான டிசைனைத்தான். அதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: இதை யார், எத்தனை அடி தூரத்திலிருந்து படிக்கப் போகிறார்கள்? நாற்காலியில் உட்கார்ந்து காபி குடிக்கும் உறவினருக்கும், தெருவில் நடந்து போகும் ஒருவருக்கும் ஒரே பொருள் உதவாது. இதைத் தீர்மானித்துவிட்டால் எந்த வேலையைத் தேர்வது என்பதில் பாதி முடிந்துவிடும்.

ஒப்பிடுவதற்காக ஒரே வாசகத்தை எடுத்துக்கொள்வோம்: ‘எல்லோரும் வருக’. நம் வாசல்களில் ‘நல்வரவு’ எழுதும் வழக்கம் ஏற்கெனவே உண்டு என்பதால் அந்நியமாகத் தெரியாது. கூடவே திருநர் கொடியின் ஐந்து பட்டைகள்: வெளிர்நீலம், இளஞ்சிவப்பு, வெள்ளை, இளஞ்சிவப்பு, வெளிர்நீலம். 1999இல் அமெரிக்கத் திருநங்கை மோனிகா ஹெல்ம்ஸ் இதை வடிவமைத்தபோது, எப்படித் திருப்பிப் பிடித்தாலும் சரியாகவே இருக்கும்படி பட்டைகளை அமைத்தார். தலைகீழாகத் தொங்கிவிடுமோ என்ற கவலை இல்லாததால் வீட்டில் செய்பவர்களுக்கு இது பெரிய வசதி. பாலினச் சிறுபான்மையினர் அனைவருக்கும் பொதுவான ஆறு நிற வானவில் கொடியில் அப்படி முடியாது. சிவப்பு மேலே இருக்க வேண்டும்.

எழுத்தின் அளவுக்கு ஒரு கணக்கு. பெயர்ப்பலகை வேலையில் 10 அடி தூரத்துக்கு 1 அங்குல உயரம் என்பார்கள். அது ஆங்கில எழுத்துக்குச் சரி. தமிழில் சுழிகளும் புள்ளியும் நெருக்கமாக வருவதால் ஒன்றரை அங்குலம் வைப்பது நல்லது. இது ‘ப’ போன்ற எழுத்தின் உயரம். மேலே ஏறும் ‘ி’, கீழே இறங்கும் ‘ு’ ஆகியவற்றுக்குத் தனி இடம் வேண்டும். ஆகவே இரண்டு வரிகளுக்கு நடுவில் எழுத்தின் உயரத்தில் முக்கால் பங்காவது இடைவெளி விடுங்கள். இல்லையென்றால் மேல்வரி ‘ரு’வின் காலும் கீழ்வரியின் தலையும் முட்டிக்கொள்ளும்.

பால்கனிக்கும் கதவுக்கும்: ஒட்டுத்துணித் தொங்கல்

அப்ளிக் எனப்படும் ஒட்டுத்துணி வேலை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. தஞ்சைப் பகுதியில் தேரில் தொங்கவிடும் தொம்பைகள் இந்த முறையில் தைக்கப்படுபவைதான். போராட்ட வரலாற்றிலும் இதற்கு இடம் உண்டு. 1908இல் லண்டனில் வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போன பெண்கள் ஒட்டுத்துணியிலும் பூவேலையிலும் செய்த பதாகைகளை ஏந்திச் சென்றார்கள். 1973 ராணுவப் புரட்சிக்குப் பிறகு சிலி நாட்டுப் பெண்கள், காணாமல் போன தம் குடும்பத்தாரைப் பற்றிச் சாக்குத்துணியின் மேல் துணித்துண்டுகளைத் தைத்துச் சொன்னார்கள். காரணம் எளிது: பட்டையான நிறத்துண்டுகள் தூரத்திலும் தெரியும், துணி மடித்து எடுத்துப் போகத் தோதாக இருக்கும்.

36 அங்குல அகலம், 24 அங்குல உயரத்துக்கு 44 அங்குல அகலக் காடா துணி ஒன்றேகால் மீட்டர் வாங்குங்கள். முதல் வேலை, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு அலசிக் கஞ்சியை எடுப்பது. இதைத் தவிர்த்துவிட்டுத் தைத்தால், முதல் துவைப்பில் காடா சுருங்கி, மேலே தைத்த பாப்ளின் எழுத்துகள் உப்பிக்கொண்டு நிற்கும். உலர்ந்து இஸ்திரி போட்ட பின் 38க்கு 30 அங்குலமாக வெட்டுங்கள். இருபுறமும் ஒவ்வோர் அங்குலம் மடிக்க, மேலும் கீழும் மும்மூன்று அங்குலம் கழி நுழைக்க.

பட்டைகளுக்கு மூன்று நிறத்திலும் பாப்ளின் கால் மீட்டர் போதும். இரண்டரை அங்குலமாக வெட்டி, கால் அங்குலம் பிடித்துத் தைத்தால் இரண்டு அங்குலப் பட்டை வரும். ஐந்தும் சேர்ந்து பத்து அங்குலம். நிறத்தைக் கடையில் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப்லைட்டில் சரியாகத் தெரியும் இளஞ்சிவப்பு வெயிலில் ஆரஞ்சாகத் தெரியலாம். துணி கிடைக்காவிட்டால் கொடியே மாறும் என்பதற்கு வானவில் கொடி சாட்சி: 1978இல் அமெரிக்கக் கலைஞர் கில்பர்ட் பேக்கர் எட்டுப் பட்டைகளோடு செய்ததில், அடர் இளஞ்சிவப்புத் துணி தேவையான அளவில் கிடைக்காததால் அந்தப் பட்டை கைவிடப்பட்டது.

எழுத்துக்கு அடர்நீலப் பாப்ளின் அரை மீட்டர். 3 அங்குல உயரத்தில் வெட்டினால் 20 அடியிலிருந்து படிக்கலாம். ‘எல்லோரும் வருக’ என்பதற்கு மொத்தம் 12 துண்டுகள் வரும்: ‘லோ’ மட்டுமே மூன்று, புள்ளிகள் இரண்டு. இருபக்க ஃப்யூசிங் தாளில் (இஸ்திரிச் சூட்டில் இருபுறமும் ஒட்டும் பசைத்தாள்) எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவதுபோல் புரட்டி வரைய வேண்டும். இங்கேதான் பலருக்கும் தவறும். ‘ட’, ‘ப’ போன்றவை புரண்டாலும் சமாளிக்கலாம். ‘வ’, ‘க’ புரண்டால் துணி வீண். நேராக அச்செடுத்த காகிதத்தைத் திருப்பி, ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பின்பக்கத்திலிருந்து படியெடுத்தால் குழப்பமே வராது.

‘ம’, ‘வ’, ‘க’ ஆகியவற்றின் மூடிய சுழிக்குள் துளை எட்டு மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அதைவிடச் சிறிதானால் விளிம்புத் தையல் போட்ட பின் சுழி அடைபட்டு, தூரத்தில் வெறும் பொட்டாகத் தெரியும். புள்ளியைத் துணியில் வெட்டவே வேண்டாம். வட்டத்துண்டு சிறிதாக இருக்கும்போது விளிம்பு பிரிந்துகொண்டே போகும். நீல நிறப் பொத்தான் தைத்துவிடுங்கள், நன்றாக எடுப்பாகவும் இருக்கும்.

ஃப்யூசிங் ஒட்டியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பது அடுத்த பிழை. வெயிலும் ஈரமும் மாறி மாறிப் பட்டால் பசை விடும். ஓரம் முழுக்க எம்ப்ராய்டரி நூலில் மூன்று இழை எடுத்து, விளிம்பைச் சுற்றிப் பிடிக்கும் பிளாங்கெட் தையல் போடுங்கள், அல்லது மெஷினில் நெருக்கமான ஜிக்ஜாக். மேல்கழி துணியைவிட இரண்டு அங்குலம் நீளமாக இருக்கட்டும். கயிற்றைக் கழியின் இரு முனையிலும் கட்டுங்கள். துணியில் கட்டினால் நடுவில் தொய்யும். கீழேயும் ஒரு கழி போட்டால்தான் பால்கனிக் காற்றில் சுருண்டு மேலே ஏறாது.

குறையும் உண்டு. மேற்கு வெயில் நேராக விழும் இடத்தில் பருத்திச் சாயம், குறிப்பாக இளஞ்சிவப்பு, வேகமாக வெளுக்கும். மேலும், அடுக்குமாடியில் பொது நடைபாதையில் மாட்டுவதற்குச் சங்கத்தின் அனுமதி தேவைப்படலாம். உங்கள் கதவின் உள்ளே, பால்கனிக் கம்பியின் உட்புறம் என்றால் பேச்சு குறையும்.

வரவேற்பறைக்கு: ஹூப் எம்ப்ராய்டரி

இது நாலடி தூரத்துக்கான பொருள். 8 அங்குல ஹூப்பில், அதாவது துணியை இறுக்கிப் பிடிக்கும் வட்டச் சட்டத்தில், எழுத்து 15 மில்லிமீட்டருக்கு மேல் போகாது. ஆனால் உட்கார்ந்து பேசும் இடத்தில் ஒருவரை நிறுத்தி, ‘இது என்ன நிறம், என்ன அர்த்தம்?’ என்று கேட்க வைப்பதில் இதற்கு இணை இல்லை. உறவினர்களிடம் பேச்சைத் தொடங்க வேண்டும் என்பதே நோக்கமென்றால் பெரிய தொங்கலைவிட இதையே சொல்வேன்.

தமிழ் எழுத்தின் வளைவுக்குப் பின்தையலைவிட, தையல்கள் ஒன்றையொன்று ஒட்டிச் சாய்ந்து கயிறுபோல் போகும் காம்புத் தையல் பொருந்தும். பின்தையலில் ஒவ்வொரு தையலும் நேர்க்கோடாக விழுவதால் ‘ல’வின் சுழி முட்டை வடிவம் இழந்து கோணலாகும். பின்தையல்தான் வரும் என்றால் வளைவில் ஒவ்வொன்றையும் 2 மில்லிமீட்டராகக் குறையுங்கள். ஆறு இழை நூலில் இரண்டை மட்டும் பிரித்தெடுங்கள். புள்ளிக்கு பிரெஞ்சு நாட், அதாவது ஊசியில் நூலைச் சுற்றிப் போடும் முடிச்சு. ஒரு புள்ளியிலிருந்து அடுத்ததற்கு நூலை அறுக்காமல் பின்னால் இழுத்துப் போகக் கூடாது. வெள்ளைத் துணியில் அந்த நூல் நிழலாகத் தெரியும்.

தண்ணீரில் அழியும் நீலப் பேனாவால் வரைந்திருந்தால், அலசும் முன் இஸ்திரிப் பெட்டி படவே கூடாது. சூடு பட்டால் கறை நிலைத்துவிடும். பத்து மணி நேர உழைப்பு அதோடு போய்விடும், கவனம். கடைசியில் துணியின் ஓரத்தைப் பின்பக்கம் நூலோட்டிச் சுருக்கிக் கட்டி, ஃபெல்ட் வட்டம் வைத்து மூடுங்கள். இதைச் செய்யாவிட்டால் மழைக்காலத்தில் துணி தளர்ந்து வாசகம் அலையடிக்கும்.

இருபது வீடுகளுக்கு: ஸ்டென்சில்

தெருவில் பலர் சேர்ந்து ஒரே வாசகத்தை மாட்டுவதென்றால் கேள்வியே இல்லை, ஸ்டென்சில்தான். பழைய எக்ஸ்ரே பிலிம் அல்லது கெட்டியான பிளாஸ்டிக் தாளில் கட்டரால் வெட்டுங்கள். மூடிய சுழியின் உள்துண்டு கழன்று விழாமலிருக்க 3 மில்லிமீட்டர் பாலம் விட வேண்டும். பாலத்தைச் சுழியின் மேலே விடாமல் பக்கவாட்டில் விட்டால் எழுத்து மாறித் தெரியாது. பேப்ரிக் பெயிண்டைத் தண்ணீர் சேர்க்காமல் ஸ்பாஞ்சில் தொட்டு, காகிதத்தில் ஒத்தியெடுத்து, கிட்டத்தட்ட உலர்ந்த நிலையில் குத்துங்கள். ஈரமாக இருந்தால் தாளுக்கடியில் ஊறி விளிம்பு கெடும். ஒருநாள் உலர்த்திப் பின்பக்கம் இஸ்திரி போட்டு, மூன்று நாள் துவைக்காமல் வையுங்கள்.

வாசலுக்கு: கோலம்

நால்வகையிலும் செலவு குறைந்தது, ஆயுளும் குறைந்தது, ஆனால் தாக்கம் பெரியது. 2019 டிசம்பர் 29 அன்று சென்னை பெசன்ட் நகரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துக் கோலம் போட்டவர்களைக் காவல்துறை பிடித்துச் சென்றது. மறுநாளே திமுக தலைவர்களின் வீடுகள் உட்படப் பல வாசல்களில் அதே எதிர்ப்பு கோலமாக எழுந்தது. திருநங்கையர் தினமான ஏப்ரல் 15 போன்ற ஒரே நாளுக்கு இதுதான் ஏற்றது.

படிப்பவர் தெருவில் நிற்கிறார், போடுபவர் வீட்டு வாசலில் நிற்கிறார். எனவே தெருப்பக்கம் இறங்கி, வீட்டைப் பார்த்து நின்று எழுதுங்கள். தரையில் கிடக்கும் எழுத்து சாய்வாகப் பார்க்கும்போது அமுங்கித் தெரியும். அகலத்தை அப்படியே விட்டு உயரத்தை மட்டும் ஒன்றரை மடங்கு நீட்டுங்கள். எழுத்து 9 அங்குலம், கோடு ஒரு விரல் தடிமன். தண்ணீர் தெளித்த உடனே போடாதீர்கள். பளபளப்பு அடங்கிய பிறகு போட்டால்தான் மாவு கட்டி சேராமல் ஒட்டும். பட்டைகளுக்கு வண்ணப்பொடி தூவும்போது வெள்ளையைக் கடைசியில் தூவுங்கள், பக்கத்து நிறம் கலந்து அழுக்காகாது.

எதைத் தேர்ந்தாலும் இரண்டு எச்சரிக்கைகள். தேசியக் கொடியின் மேல் எந்த வாசகத்தையும் எழுதவோ தைக்கவோ சட்டம் இடம் தருவதில்லை, நல்ல நோக்கமாக இருந்தாலும். இன்னொன்று, வன்முறைக்கு ஆளானவர்களின் பெயரையும் படத்தையும் குடும்பத்தாரைக் கேட்காமல் அலங்காரமாக்காதீர்கள். எய்ட்ஸால் இறந்தவர்களின் நினைவாகத் தைக்கப்பட்டு, 1987இல் வாஷிங்டனில் முதன்முதலாக விரிக்கப்பட்ட எய்ட்ஸ் நினைவுப் போர்வையில் 1,920 பலகங்கள் இருந்தன, ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு கல்லறை அளவில், 3 அடிக்கு 6 அடி. அவற்றில் பெரும்பாலானவற்றைத் தைத்தவர்கள் இறந்தவரின் நண்பர்கள், காதலர்கள், பெற்றோர். அந்த உறவு இல்லாத இடத்தில் பெயரைத் தவிர்த்து நிறத்தையும் வாசகத்தையும் மட்டும் தையுங்கள்.

முதல்முறை செய்பவருக்கும் ஊசி பழகாத கைக்கும் ஸ்டென்சில் போதும். தையல் மெஷினும் இரண்டு விடுமுறை நாட்களும் இருந்தால் ஒட்டுத்துணித் தொங்கலைச் செய்யுங்கள். வாடகை வீட்டில் ஆணி அடிக்க முடியாதென்றால் அதே தொங்கலைக் கதவின் மேல்விளிம்பில் மாட்டும் இரும்புக் கொக்கி தாங்கும். ஒட்டும் கொக்கி வெயில் படும் சுவரில் சீக்கிரம் விழுந்துவிடும்.