உண்ணிக்கு எது: மாத்திரையா, சொட்டு மருந்தா, கழுத்துப்பட்டையா?

நாய் உண்ணிக்கு நல்ல மருந்து கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது அவர்கள் வீட்டைப் பற்றித்தான். பூனை உண்டா? தவழும் குழந்தை உண்டா? நாய் ராத்திரி எங்கே படுக்கிறது? எத்தனை நாளுக்கு ஒரு முறை குளிப்பாட்டுகிறீர்கள்? "மருந்து கேட்டா டாக்டர் குடும்பக் கதை கேக்கிறாரே" என்று சிலர் சிரிப்பார்கள். இன்று கிடைக்கிற நல்ல மருந்துகள் எல்லாமே உண்ணியைக் கொல்லத்தான் செய்கின்றன. எது எந்த வீட்டுக்கு ஒத்துவரும் என்பதில்தான் வித்தியாசமே இருக்கிறது.

நம் ஊர் நாய்களிடம் அதிகம் காண்பது பழுப்பு நாய் உண்ணி. வெளியே புல் புதரில் காத்துக் கிடக்க வேண்டிய அவசியம் இதற்கு இல்லை. வீட்டுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகக் குடித்தனம் நடத்தும். ரத்தம் குடித்து ஆமணக்கு விதை மாதிரி ஊதிய பெண் உண்ணி நாயிலிருந்து உதிர்ந்து, சுவர் விரிசலுக்குள்ளோ கதவு நிலைக்குப் பின்னாலோ போய் 4,000 முட்டை வரை இட்டுவிட்டுச் சாகும். பொரித்த குஞ்சு, அடுத்த பருவம், வளர்ந்த உண்ணி என்று மூன்று பருவத்திலும் நாய் மேல் ஏறிக் குடிக்கும், இறங்கிவிடும். நம் வெயிலுக்கு இந்தச் சுற்று இரண்டு மாதத்தில் முடிந்துவிடலாம். தீனி கிடைக்காவிட்டால் வளர்ந்த உண்ணி ஒரு வருடத்துக்கு மேலும் பட்டினி கிடக்கும். ஆக, நாய் உடம்பில் நீங்கள் பார்ப்பது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் சுவரில் இருக்கிறது.

அது கொண்டுவரும் காய்ச்சலைத்தான் எல்லோரும் 'டிக் ஃபீவர்' என்கிறோம். எர்லிச்சியா, பபேசியா என்று ரத்த அணுக்களில் வளரும் இரண்டு கிருமிகள் அதில் முக்கியமானவை. 1960களின் கடைசியில் வியட்நாம் போருக்குப் போன அமெரிக்க ராணுவ நாய்கள் நூற்றுக்கணக்கில் மூக்கில் ரத்தம் வடிந்து செத்ததற்கு இந்த எர்லிச்சியாதான் காரணம்.

சரி, மாத்திரையிலிருந்து தொடங்கலாம். பிராவெக்டோ, நெக்ஸ்கார்டு, சிம்பாரிகா மூன்றும் ஒரே குடும்பம். மருந்து ரத்தத்தில் கலந்திருக்கும். கடித்த உண்ணியின் நரம்பு மண்டலம் நிலைகுலைந்து அது சாகும். நெக்ஸ்கார்டும் சிம்பாரிகாவும் மாதம் ஒன்று, பிராவெக்டோ 12 வாரம் வரை. குளிப்பாட்டினாலும் நீந்தினாலும் இதற்கு ஒன்றும் ஆகாது. கையில் ஒட்டாது, சோபாவில் படியாது, நாயைக் கட்டிக்கொண்டு தூங்கும் பிள்ளைக்கும் பயமில்லை. பிராவெக்டோவைச் சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் கொடுத்தால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது.

குறை இல்லாமல் இல்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018ல் இந்த மருந்துக் குடும்பம் முழுவதுக்கும் ஓர் எச்சரிக்கை விட்டது: சில நாய்களுக்கு நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு வரலாம். மருந்தைத் தடை செய்யவில்லை, விற்பனையில் தொடரத்தான் விட்டது. பெரும்பாலான நாய்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் முன்பே வலிப்பு வந்த நாய் என்றால் மருத்துவரிடம் சொல்லாமல் வாங்கிப் போடவே கூடாது. குட்டிக்கும் வயது, எடை வரம்பு உண்டு. பொதுவாக 8 வாரம் தாண்டி, 2 கிலோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பார்கள். மருந்துக்கு மருந்து இது மாறும், அட்டையைப் படித்துவிடுங்கள். இன்னொன்று, உண்ணி கடித்தால்தான் மாத்திரை வேலை செய்யும். பபேசியா தொற்றப் பொதுவாக உண்ணி ஒன்றிரண்டு நாள் ஒட்டியிருக்க வேண்டும், அதற்குள் மருந்து முந்திக்கொள்ளும். எர்லிச்சியா சில மணி நேரத்திலேயே ஏறிவிடக்கூடியது. அந்த ஓட்டையை மாத்திரை முழுசாக அடைப்பதில்லை.

சொட்டு மருந்து என்றால் பெரும்பாலும் ஃபிப்ரோனில். ஃபிரண்ட்லைன் என்ற பெயரில் நெடுங்காலமாக இருப்பது. தோலின் எண்ணெயில் கலந்து உடம்பெங்கும் பரவும். மாத்திரையை எந்தக் கறியில் ஒளித்து வைத்தாலும் துப்பிவிடும் நாய்க்கு இது வசதி. தோல்விக்குக் காரணம் பெரும்பாலும் போடுகிற விதம்தான். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே முடியை விலக்கி, வெள்ளையாகத் தோல் தெரிந்த பிறகு குழாயின் நுனியை அதில் வைத்து அழுத்த வேண்டும். முடி மேல் ஊற்றினால் முடியோடு சரி. போடுவதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் குளியல் கூடாது. சனிக்கிழமை மருந்து, ஞாயிற்றுக்கிழமை ஷாம்பு என்று இருக்கும் வீட்டில் 'மருந்து கேக்கவே இல்ல சார்' என்றுதான் முடியும். பெரிய நாய்க்கான குழாயை வாங்கி இரண்டு குட்டி நாய்க்குப் பங்கு போடும் சிக்கனமும் வேண்டாம், அளவு தப்பிவிடும். மிகச் சின்னக் குட்டிகளுக்கு மட்டும் இதே மருந்தின் ஸ்ப்ரே நல்ல துணை. பிறந்த இரண்டாம் நாளிலிருந்தே அளவு பார்த்து அடிக்கலாம். முயல் வளர்க்கிறவர்கள் ஃபிப்ரோனிலை அதன் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம், உயிருக்கே ஆபத்து.

கழுத்துப்பட்டையை நான் ஒரு காலத்தில் அலங்காரப் பொருள் என்றே நினைத்திருந்தேன். ஃப்ளூமெத்ரினும் இமிடாக்ளோப்ரிடும் சேர்ந்த செரெஸ்டோ போன்றவை வந்தபின் பேச்சு மாறிவிட்டது: 8 மாதம் வரை வேலை செய்யும், மாதக் கணக்குப் போட்டால் செலவும் கட்டுபடியாகும். மாத்திரைக்கு இல்லாத ஒரு குணம் இதற்கு உண்டு; பல உண்ணிகளைக் கடிக்கும் முன்பே விரட்டிவிடும். எர்லிச்சியா கணக்கில் இது பெரிய லாபம். தோட்டத்திலும் தொழுவத்திலும் படுக்கிற ராஜபாளையம், சிப்பிப்பாறை, நாட்டு நாய்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். அதைவிடத் தளர்வாகத் தொங்கவிட்டால் தோலில் படாது, பயன் இல்லை. ஒரே வீட்டில் இரண்டு நாய் விளையாடினால் ஒன்றின் பட்டையை மற்றது கடித்துத் தின்றுவிடும், அது விஷம். குழந்தை எந்நேரமும் நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டிலும் பட்டையை நான் சொல்வதில்லை. இதில் போலியும் நிறையப் புழங்குகிறது. பாதி விலைக்கு வருவதை நம்ப வேண்டாம்.

அமிட்ராஸ் கலந்த மருந்துக் குளியல் மலிவு, உண்ணி மொய்த்துக் கிடக்கும் நாய்க்கு ஒரே நாளில் பலனும் தெரியும். தண்ணீரில் கலக்கும் அளவு தவறினாலோ நாய் நக்கிவிட்டாலோ நாய் மயங்கிக் கிடக்கும், இதயத் துடிப்பு குறையும், ரத்தச் சர்க்கரை ஏறும். சர்க்கரை நோயுள்ள நாய்க்கு இது ஆகவே ஆகாது. மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியை நாய்க்குப் போட்டுவிடுகிறவர்களும் உண்டு. உண்ணிக்கு அது உருப்படியான மருந்தே இல்லை. கோலி இன நாய்களில் பலவற்றுக்கு மரபிலேயே ஒரு குறை உண்டு. அதனால் இந்த மருந்து மூளைக்குள் புகுந்து, கண் தெரியாமல் போய், நினைவிழந்து சாகும் அளவுக்கும் கொண்டுபோய்விடும். மண்ணெண்ணெய், ஃபினைல், கற்பூரம் தடவுவதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. தோல் வெந்துபோய்த்தான் வருகின்றன. வேப்பெண்ணெய் கொஞ்சம் விரட்டும், அவ்வளவே.

இனி பூனை. என் தொழிலில் எனக்கு அதிகம் கோபம் வருவது இங்கேதான். நாய்க்கான சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். அதைச் சிதைத்து வெளியேற்றும் வேதிவேலை பூனையின் ஈரலுக்குச் சரியாக வராது. "நாய்க்கு வாங்கினது கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு, பூனைக்கும் ரெண்டு சொட்டு விட்டேன்" என்று சொல்லிக்கொண்டே துண்டில் சுற்றித் தூக்கி வருவார்கள். சில மணி நேரத்தில் காதும் முகமும் துடிக்க ஆரம்பித்து, உடம்பெல்லாம் நடுங்கி, வலிப்பில் போய் நிற்கும். நேரடியாகப் போட வேண்டும் என்றுகூட இல்லை. மருந்து போட்ட நாயோடு சுருண்டு படுத்து அதை நக்கினாலே போதும். இப்படி ஆகிவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் போட்டு மருந்தைக் கழுவிவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். சிகிச்சை உண்டு, நேரத்தோடு வந்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

பூனை தன்னையே நக்கிச் சுத்தம் செய்துகொள்வதால் உண்ணி அதன் மேல் குறைவு, தெள்ளுப்பூச்சிதான் தொல்லை. அதற்குப் பூனைக்கென்றே வரும் ஃபிப்ரோனில் அல்லது செலமெக்டின் சொட்டு போதும். செலமெக்டின் காதுப் பூச்சியையும் சேர்த்தே பார்த்துக்கொள்ளும். அமிட்ராஸ் பூனைக்குக் கூடாது. பட்டை என்றால் பூனைக்கென்று அட்டையில் அச்சிட்டது மட்டும்.

ஆகவே என் தேர்வு இப்படிப் போகும். நாயும் பூனையும் சேர்ந்து தூங்கும் வீட்டுக்கு மாத்திரை, யோசிக்கவே வேண்டாம். அடுக்குமாடி வீட்டில், வாரம் ஒரு குளியலோடு வளரும் லாப்ரடாருக்கும் மாத்திரைதான். வெளியில் படுக்கிற நாய்க்குப் பட்டை. வலிப்பு வந்த சரித்திரம் உள்ள நாய்க்கு ஃபிப்ரோனில் சொட்டு. அமிட்ராஸ் குளியல், மருத்துவர் சொல்லி, ஆரம்பத்தில் கூட்டத்தைக் குறைக்க மட்டும். மாத்திரையையும் பட்டையையும் ஒன்றாகப் போடலாமா என்று கேட்பார்கள். தொற்று அதிகமுள்ள இடத்தில் நானே சேர்த்துப் போடச் சொல்வதுண்டு, ஆனால் நாயைப் பார்த்த பிறகு.

எதைப் போட்டாலும் முதல் மாதத்தில் புது உண்ணி தெரியத்தான் செய்யும். சுவரில் இருப்பது ஏறுகிறது, கடிக்கிறது, சாகிறது. அதைப் பார்த்து மருந்தை மாற்றிவிடாதீர்கள்; குறைந்தது மூன்று நான்கு மாதம் விடாமல் தொடர வேண்டும். கூடவே நாய் படுக்கும் இடத்தைச் சுற்றி விரிசலைச் சிமென்ட் வைத்து அடைத்துச் சுண்ணாம்பு அடியுங்கள், சாக்கை எரித்துவிட்டுப் புதுசு போடுங்கள். பூச்சிமருந்து அடித்தால் காய்கிற வரை நாயும் பூனையும் உள்ளே வரக்கூடாது.

வாரம் ஒரு முறை காது மடலின் உள்ளே, விரலிடுக்கில், வாலடியில் தடவிப் பாருங்கள். உண்ணி இருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து ஸ்பிரிட்டில் போடுங்கள். நசுக்க வேண்டாம், தீ வைக்கவும் வேண்டாம். நாய் சோர்ந்து, சாப்பிடாமல், ஈறு வெளுத்து, உடம்பு சுட்டால் 'மாத்திரைதான் போட்டிருக்கோமே' என்று காத்திருக்காமல் அன்றைக்கே ரத்தம் எடுத்து, பிளேட்லெட் எண்ணிக்கையோடு ரத்தப் பூச்சுப் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள். எர்லிச்சியா என்றால் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் வழக்கமாக 28 நாள். மூன்றாம் நாளே நாய் வாலாட்டிச் சாப்பிட ஆரம்பித்துவிடும், பாதிப் பேர் அங்கேதான் மருந்தை நிறுத்துகிறார்கள்.