முற்றத்தில் ஒரு ஹைட்ரோலிக் லிப்ட்: விசுவமடுவில் 14 மாதம்

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வருகிற எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். கொழும்பில் ஒரு கடையில் பெட்டி உடைத்துக் காட்சிக்கு வைத்திருந்த, ஒயில் அழுத்தத்தால் கார் தூக்குகிற லிப்ட், 4 லட்சத்து 30 ஆயிரம் ரூபாய். லொறியில் ஏற்றி முல்லைத்தீவு மாவட்டத்து விசுவமடுவில் இறக்க இன்னும் 9 ஆயிரம். “அந்தக் காசுக்கு மாடு வாங்கியிருந்தால் பாலாவது கறந்திருக்கலாம்” என்று மாமி சொன்னார். அவர் சொன்னதில் முதல் இரண்டு மாதமும் எனக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

என்னுடையது 121 மாதிரி ரொயோற்றா கொரோலா. ஹயர், அதாவது வாடகைக்கு ஓடுகிற கார். 2020 பங்குனியில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 இல் திரும்பத் திறந்தபோது வரியோடு சேர்த்து வந்த விலையைக் கேட்டுவிட்டு, நிற்கிற காரையே கும்பிட்டேன். கட்டுநாயக்கா விமான நிலையம் போய்வர 600 கிலோமீற்றருக்கு மேல். எட்டு ஹயர் ஓடினால் 5000 தாண்டிவிடும், ஒயில் மாற்ற வேண்டும். கராஜில் காரை விட்டால் ஒரு பகல் போய்விடும். போதாததற்கு மச்சானின் அல்டோவும் எங்கள் முற்றத்தில்தான் படுக்கும். ஜக்கில் தூக்கி, பனங்குற்றி வைத்து, மல்லாக்கப் படுத்து வேலை செய்து முதுகு விட்டுப்போனதால்தான் இதை வாங்கினேன்.

சாமான் இவ்வளவுதான்: இரண்டு இரும்புச் சட்டம், மோட்டரும் பம்மும் ஒயில் தாங்கியும் உள்ள ஒரு பவர் பெட்டி, ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரு ஹோஸ். சட்டம் மடங்கிக் கிடக்கும்போது நாலு விரல் உயரம். காரின் இரண்டு பக்கமும் தள்ளி வைத்து, வாசற்கதவுக்குக் கீழே உள்ள தூக்கும் இடங்களுக்கு நேரே இறப்பர் கட்டைகளை வைத்து, பட்டனை அமத்தினால் அரை நிமிடத்தில் ஒன்றரை அடிக்கு மேல் ஏறிவிடும். அதன் பெயர்த்தகட்டில் 5000 இறாத்தல் என்று போட்டிருக்கிறது, அதாவது 2268 கிலோ. கொரோலாவின் பாரம் அதில் பாதிக்குக் கிட்ட. ஏற்றுகிற வேலையில் இந்தச் சாமானில் ஒரு குறையும் இல்லை. குறை முழுக்க என் முற்றத்திலும் என் வயரிலும் என் அவசரத்திலும் இருந்தது என்று கண்டுபிடிக்கத்தான் காலம் எடுத்தது.

முதல் நாள் மண்ணிலேயே வைத்து ஏற்றினேன். மாரி முடிந்த கையோடு. ஒரு அடி ஏறியிருக்கும், வலப்பக்கச் சட்டத்தின் பின்கால் சத்தமில்லாமல் மண்ணுக்குள் இறங்கியது. கார் ஒரு பக்கம் சரிந்ததைப் பார்த்து நான் உறைந்துபோய் நிற்க, எதிர்வீட்டு ஐயா வேலிக்கு அங்காலிருந்து “இறக்கடா முதல்!” என்று கத்தினார். அவர் பழைய மெக்கானிக். யுத்தகாலத்தில், பொருளாதாரத் தடை இருந்தபோது, பெற்றோலை ஒரு சொட்டுக் காட்டி ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய தலைமுறை. பலகை போட்டால் காணுமா என்று கேட்டேன். பலகை சறுக்கும், சீமெந்து போடு என்றார். போட்டேன். 12 அடிக்கு 8 அடி, 4 அங்குலத் தடிப்பு, ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு கலவை, ஆறு பை சீமெந்து. 28 நாள் தண்ணீர் ஊற்றிக் காத்திருந்தேன். லிப்டின் விலையில் இந்தத் தளத்தின் விலையையும் சேர்த்துத்தான் நீங்கள் கணக்குப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. இது நேர்குத்தாக ஏறாது. சட்டம் நிமிர நிமிர கார் வளைவாக முன்னுக்கோ பின்னுக்கோ நகர்ந்துகொண்டே மேலே போகும். சுவருக்குக் கிட்ட நிறுத்தாதீர்கள். மனைவியின் இரண்டு குரோட்டன் சாடிகள் இதற்குச் சாட்சி.

தளம் காய்ந்து திரும்ப ஏற்றப் போனால் மோட்டர் “ம்ம்ம்” என்று முனகியதே ஒழிய அசையவில்லை. விற்ற கடைக்கு அடித்தேன். பம் போய்விட்டது, திருப்பி அனுப்புங்கள், பார்க்கிற கூலி வேறு, லொறிக் கூலி உங்களுடையது என்றார்கள். போனை வைத்துவிட்டு மல்ரிமீற்றரை எடுத்தேன். நாட்டில் கரண்ட் 230 வோல்ட் என்பது பேச்சுக்கு. எங்கள் வீடு லைனின் கடைசியில், பின்னேரத்தில் தோட்டங்களில் தண்ணீர் மோட்டர் ஓடத் தொடங்கினால் சுவர் பிளக்கிலேயே 214. நான் மாட்டியிருந்தது கலியாண வீட்டுக்கு பல்ப் கட்டுகிற மெல்லிய எக்ஸ்டென்ஷன், 20 மீற்றர், அதிலும் பாதி சுற்றியபடி. அதன் மறுமுனையில், பட்டனை அமத்தும்போது, 181. எந்த மோட்டர்தான் முனகாது? மெயின் பெட்டியிலிருந்து தடித்த 7/0.67 வயரில் தனியாக ஒரு லைன் இழுத்து, தளத்துக்குப் பக்கத்திலேயே 15 அம்ப் பிளக் வைத்தேன். அதே பம், அதே மோட்டர், காலையில் விசுக்கென்று ஏறியது. கடைக்காரர் சொன்னதைக் கேட்டிருந்தால் நல்ல பம்மை லொறியில் அனுப்பிக் கூலியும் கட்டியிருப்பேன். சாமானுக்கு 5 இல் 4 கொடுப்பேன், கடைக்கு ஒன்று, அதுவும் போனை எடுத்ததற்காக.

இனி, ஒயிலுக்குள் புகுகிற காற்று. இந்த லிப்டுக்கு வருகிற நோயில் முக்கால்வாசி இதுதான். ஒரு சட்டம் ஏற மற்றது ஒரு சாண் பின்னுக்கு நிற்கும். இறங்கும்போது விக்கல் எடுத்த மாதிரி குலுங்கும். தாங்கியின் மூடியைத் திறந்து பார்த்தால் ஒயில் அடித்த முட்டை மாதிரி நுரைத்திருக்கும். நுரை என்றால் காற்று. நுரை இல்லாமலே பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர், அதை ஊற்றிவிட்டுப் புது ஒயில்தான். காற்றை எடுக்கக் கார் வேண்டாம். வெறும் சட்டத்தை நாலைந்து தரம் முழுக்க ஏற்றி இறக்கினேன். பிறகு சட்டத்தைத் தள்ளுகிற சிலிண்டரின் நுனியில் இருக்கிற காற்று ஆணியைச் சீலைத்துண்டால் மூடிப் பிடித்து, ஸ்பானரால் கால் சுற்று இளக்கினேன். பட்டனில் மகன். தொட்டுத் தொட்டு எடு என்று சொல்லியிருந்தேன். முதலில் “பிஸ்... பிஸ்...” என்று வெறும் காற்று, பிறகு இளஞ்சிவப்பில் நுரை துப்பியது, பிறகு குமிழி ஒன்றும் இல்லாமல் சிவப்பு ஒயில் கோடாக வந்தது. “அப்பா, காணுமோ?” காணும். ஆணியை இறுக்கி மற்றப் பக்கம். இவ்வளவும் கால் மணித்தியாலம். இப்போதும் இரண்டு சட்டத்துக்கும் இடையில் விரற்கடை வித்தியாசம் வரும். உச்சிக்குப் போனதும் சமனாகிவிடும், அதைப் பெரிதாக எடுப்பதில்லை.

சிவப்பு ஒயில் என்றேன், அது ஓட்டோ கியருக்கு விடுகிற ஏ.ரி.எஃப். என்னுடைய கையேடு அதையும் 32 நம்பர் ஹைட்ரோலிக் ஒயிலையும் ஏற்கிறது. பிரேக் ஒயில் மட்டும் வேண்டவே வேண்டாம், அது உள்ளே ஒயில் கசியாமல் அடைக்கிற இறப்பர் சீல்களை ஊதவைத்துக் கெடுத்துவிடும். அளவு பார்ப்பது சட்டம் முழுக்கக் கீழே இருக்கும்போது. மேலே நிற்கையில் குறைகிறதே என்று நிரப்பிவிட்டு மச்சான் இறக்கினார், தாங்கி பொங்கித் தளமெல்லாம் சிவப்பு.

வெறும் சட்டம் ஏறிவிட்டு இறங்கமாட்டேன் என்று நின்றால் அது வேறு காற்று. என்னுடைய மாதிரியில் சிலிண்டரின் மறுபக்கத்தில் கொஞ்சம் காற்று அடைத்து வைக்க வேண்டும், பிஸ்டனைத் திருப்பித் தள்ளுவது அதுதான். ரயர் வால்வு மாதிரியே ஒரு வால்வு இருக்கிறது. கையேட்டில் போட்டிருக்கிற அளவுக்கு சைக்கிள் பம்மால் அடித்தாலே போதும்.

எங்கள் பக்கத்துக்கென்றே சில தொல்லைகள் உண்டு. ஹோஸை வெயிலில் போட்டுவிட்டுப் போனால் உள்ளே அடைபட்ட ஒயில் சூட்டில் விரிந்து, ஹோஸின் நுனியில் உள்ள இணைப்பான கப்ளரைக் கொளுவ முடியாது. எவ்வளவு அமத்தினாலும் திருப்பித் தள்ளும். நிழலில் போட்டு ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் தானாக உள்ளே போகும். போனது மாதிரி இருந்து முழுக்கப் பூட்டாமல் நின்றால் அந்தப் பக்கம் ஒயில் போகாது, ஏறிய பிறகு அப்படி ஆனால் இறங்காது. ஆகவே கொளுவியதும் ஒரு தரம் இழுத்துப் பார்ப்பேன். கொளுவ முன்னர் துடைப்பேன், கழற்றியதும் மூடி போடுவேன். கிரவல் ரோட்டுப் புழுதி ஒரு சிட்டிகை உள்ளே போனால் வால்வு மூடாது. ஆறாம் மாதம் பம் ஒரு மாதிரி அலறத் தொடங்கியது. காரணம் குளவி. தாங்கி மூச்சு விடுகிற சின்ன ஓட்டையில் அழகாக மண்ணால் கூடு கட்டிவிட்டுப் போயிருந்தது. ஊசியால் தோண்டி எடுத்தேன், அலறல் நின்றது. இப்போது பவர் பெட்டிக்கு மேலே ஒரு பழைய நுளம்புவலைத் துண்டு.

பத்தாம் மாதம் இடப்பக்க சிலிண்டரில் ஒயில் கசிந்தது. தண்டில் மெல்லிய ஈரம் இருந்தால் பயமில்லை, சொட்டினால் சீல். ஒரு விஷயம்: பாரம் நிற்கும்போது கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். ஊசித் துவாரத்தால் வருகிற ஒயில் தோலைத் துளைத்துக்கொண்டு போகும். காட்போட் மட்டையைப் பிடித்துப் பாருங்கள். விற்ற கடை சீல் இல்லை என்றது. கிளிநொச்சியில் உழவு இயந்திரத்துக்கும் ஜேசிபிக்கும் ஹோஸ் அடிக்கிற கடையில் பழைய சீலைக் கொடுத்தேன். வெர்னியரால் அளந்துவிட்டு ஒரு டப்பாவுக்குள் கைவிட்டு எடுத்துத் தந்தார்கள், 650 ரூபாய். வயல் ஊரில் ஹைட்ரோலிக் சாமானுக்குப் பஞ்சமில்லை.

கடைசியாக, பூட்டு. சட்டம் ஏறும்போது இரண்டு உயரத்தில் இரும்புத் தண்டு “டக்” என்று விழும். விழுந்ததும் கொஞ்சம் இறக்கிப் பாரத்தை அதில் உட்கார வைத்தால்தான் நான் கீழே போவேன். இறக்க வேண்டுமென்றால் முதலில் ஒரு சொட்டு ஏற்றி, தண்டை விடுவித்து, பிறகு இறக்க வேண்டும். ஏற்றக் கரண்ட் வேண்டும். இதில் என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஒரு நாள் பின்னேரம் ஆறரைக்குக் கார் பூட்டில் நிற்க, கரண்ட் போனது. அடுத்த நாள் விடிய மூன்று மணிக்குக் கட்டுநாயக்கா ஹயர். கையால் இறக்குகிற வால்வு பெட்டியில் இருக்கிறதுதான், ஆனால் பாரம் தண்டில் இருக்கும்போது அதைத் திறந்து என்ன பயன்? பக்கத்து வீட்டு ஜெனரேற்றர் லைற்றுக்கு வாங்கியது, என் மோட்டரைக் கண்டதும் இருமிவிட்டு நின்றது. மச்சான் ஒரு பக்கத்தை ஜக்கால் தூக்குவோம் என்றார். இரண்டு சட்டத்தில் நிற்கிற காரை மூன்றாவதாக ஒன்றால் கிளப்ப நான் விடவில்லை. 1.40 க்கு மனைவி எழுப்பினார், “இஞ்சேருங்கோ, ஃபேன் சுத்துது.” சாரத்தோடு ஓடிப்போய் இறக்கி, 2.20 க்கு வெளிக்கிட்டேன். அன்றிலிருந்து பின்னேரம் மூன்றுக்குப் பிறகு ஏற்றுவதில்லை.

யார் வாங்கலாம்? ஒரே ஒரு கார், வருடத்துக்கு இரண்டு தரம் ஒயில் என்றால் வேண்டாம், கராஜுக்குப் போங்கள். முற்றத்தில் இரண்டு மூன்று கார் நின்று, தளமும் தடித்த வயரும் போட மனமிருந்தால் வாங்குங்கள். ஹையேஸ் வான் வைத்திருப்பவர்கள் வாங்க முன்னர் அதன் தூக்கும் இடங்களுக்கு இடைத்தூரத்தை நாடாவால் அளந்து பாருங்கள், என் சட்டத்துக்கு அது எட்டாது.

நானும் வருடம் முழுக்கப் பாவிப்பதில்லை. மாசியில் காலபோக நெல்லு வந்ததும் அந்த 12 க்கு 8 அடி மாமிக்குப் போய்விடும், நெல்லுக் காய வைக்க அதைவிட நல்ல இடம் வீட்டில் இல்லையாம். சட்டங்கள் இரண்டும் சாக்குக்குக் கீழே கிடக்கின்றன. இந்தக் கிழமை ஒயில் மாற்ற வேண்டும், கேட்டுப் பார்க்க வேண்டும்.