இருமினால் சிறுநீர் கசிகிறதா? லேசருக்குப் பணம் கட்டும் முன் படியுங்கள்

எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் இன்னொருத்தி ஏமாறக் கூடாது. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இருமினால், தும்மினால், குழந்தையைத் தூக்கினால் எனக்குச் சிறுநீர் கசியும். பையில் எப்போதும் நாப்கினும் மாற்று உள்ளாடையும். வெளியே சொல்ல வெட்கப்பட்டு, விளம்பரத்தை நம்பி, நானே ஒரு லேசர் மையத்துக்குப் போனேன்.

மாதம் ஒன்றாக மூன்று சிட்டிங், கத்தி இல்லை, தையல் இல்லை, லேசர் சூட்டில் தளர்ந்த திசு இறுகிவிடும் என்றார்கள். மூன்றுக்கும் சேர்த்து முன்பணம். சிறுநீர்ப் பரிசோதனை செய்யவில்லை, இருமச் சொல்லிக்கூடப் பார்க்கவில்லை, அவசரமாக வந்து அடக்க முடியாமல் போகிறதா, இருமும்போது மட்டும்தானா என்ற அடிப்படைக் கேள்வியே வரவில்லை. அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும்.

குழாய் போன்ற ஒன்றைப் பிறப்புறுப்புக்குள் வைத்து, அதன் வழியாக லேசர் முனையைச் செலுத்தி, டிக் டிக்கென்ற சத்தத்தோடு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்தார்கள். இரண்டாவது முறைக்குப் பிறகு ஒரு வாரம் உட்காரவே முடியாத எரிச்சல், போன் செய்தால் "எல்லாருக்கும் இருக்கும் மேடம்" என்ற ஒரே பதில். மூன்றும் முடிந்தது, கசிவு அப்படியே. கேட்டால் வருடா வருடம் ஒரு சிட்டிங் போட வேண்டுமாம்! அதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே?

அப்புறம்தான் மகப்பேறு மருத்துவரிடம் போனேன். இந்த மாதிரி லேசரால் தீக்காயம், தழும்பு, தீராத வலி வரலாம், பலன் நிரூபிக்கப்படவில்லை என்று அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் எஃப்டிஏ 2018 ஜூலையிலேயே எச்சரித்திருக்கிறது. இந்தக் கசிவுக்கு லேசரை ஆராய்ச்சிக்குள் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021இல் சொல்லிவிட்டது. என்னிடம் பணம் வாங்கியவர்கள் இதில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த மருத்துவர் என்னை பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்பினார். சிறுநீர்ப்பையைத் தாங்கும் இடுப்புத் தசைகளுக்காக நான் வீட்டில் செய்துவந்த கீகல் பயிற்சியே தவறாம், மூச்சைப் பிடித்துக் கீழே முக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். சிறுநீரை அடக்குவதுபோல உள்ளே மேல்நோக்கி இழுக்க வேண்டும், ஒரு வேளைக்கு 8 முறை, நாளைக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம். இப்போது இருமினால் கசிவதில்லை, குதித்தால் மட்டும் லேசாக. இது போதாதவர்களுக்குப் பிறப்புறுப்புக்குள் தாங்கலாக வைக்கும் பெசரி வளையம், அறுவை சிகிச்சை என்று வழிகள் இருக்கின்றன.

ஏற்கெனவே லேசர் செய்து எரிச்சலோ ரத்தக்கசிவோ இருந்தால் அந்த மையத்துக்கே மறுபடி போகாதீர்கள், நேராக மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.