ஆயிரம் படுக்கைகளா, ஐந்நூறு மையங்களா?

2023 ஜூன் மாதத்தில், ஒன்பது நாள் இடைவெளியில், தமிழக அரசு முற்றிலும் வேறுபட்ட இருவகை மருத்துவக் கட்டடங்களைத் திறந்தது. ஜூன் 6 அன்று மாநிலமெங்கும் 500 நகர்ப்புற நல்வாழ்வு மையங்கள் திறக்கப்பட்டன. ஜூன் 15 அன்று சென்னை கிண்டியில், கிங் ஆய்வு நிலைய வளாகத்தில், 1,000 படுக்கைகள் கொண்ட கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனை திறக்கப்பட்டது. மையங்களுக்கான செலவு சுமார் 125 கோடி ரூபாய். மருத்துவமனைக்கு ஆனது சுமார் 240 கோடி. வகுத்துப் பார்த்தால் மையம் ஒன்றுக்கு 25 லட்சம், படுக்கை ஒன்றுக்கு 24 லட்சம் என்று வருகிறது. கிண்டியில் ஒரு படுக்கைக்கு ஆகும் பணத்தில், ஒரு குடியிருப்புப் பகுதிக்கு மருத்துவர் உட்காரும் கட்டடம் ஒன்று எழுந்துவிடுகிறது.

இந்தக் கணக்கைக் கொண்டே முடிவு கட்டிவிட முடியாது. உயர் சிறப்பு மருத்துவமனையின் படுக்கை என்பது கட்டில் மட்டுமன்று. அறுவை அரங்கு, தீவிர சிகிச்சைப் பிரிவு, இதயக் குழாய்களைச் சோதிக்கும் கூடம், புற்றுநோய், சிறுநீரகம், நரம்பு ஆகிய துறைகளின் வல்லுநர்கள் என்று ஒரு பெரிய ஏற்பாடே அதன் பின்னால் நிற்கிறது. இதயத் தமனியில் அடைப்பு என்று தெரிந்துவிட்ட ஒருவருக்குத் தெருமுனை மையத்தால் ஆகக்கூடியது மிகக் குறைவு. அத்தகையவர்களைப் பல ஆண்டுகளாகத் தாங்கி வந்தது சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. அங்கே காத்திருந்தவர்களின் சுமையில் ஒரு பங்கைத் தென்சென்னையில் இறக்கி வைக்க இடம் தேவைப்பட்டது என்பதில் எனக்கு ஐயமில்லை. 2022 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்ட கட்டடம் 15 மாதங்களில் எழுந்து நின்றதும் பாராட்டத் தக்கது. 2019 ஜனவரியில் மதுரை தோப்பூரில் அடிக்கல் நாட்டப்பட்ட எய்ம்ஸ், கட்டுமானம் தொடங்குவதற்கே 2024 வரை காத்திருந்ததை அறிந்தவர்களுக்கு அந்த வேகத்தின் மதிப்பு தெரியும்.

ஆயினும் அடுத்த 100 கோடி எங்கே போக வேண்டும் என்று என்னைக் கேட்டால், தயங்காமல் சிறிய மையங்களின் பக்கமே நிற்பேன். அதற்கு முதற்காரணம் நேரம். இந்த மையங்கள் காலை 8 முதல் 12 வரையும் மாலை 4 முதல் 8 வரையும் இயங்கும் வகையில் திட்டமிடப்பட்டவை. அரசு மருத்துவமனைகளின் புறநோயாளிப் பிரிவு பெரும்பாலும் காலையோடு முடிந்துவிடுவதால், கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவர்கள் ஒரு நாள் கூலியை இழந்தால்தான் இரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ள முடியும் என்ற நிலை இருந்து வந்தது. வலி இல்லாத நோய்க்காக யாரும் கூலியை விடமாட்டார்கள். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் வலி இல்லாமலே பத்தாண்டுகள் உடம்புக்குள் இருந்து, பிறகு சிறுநீரகச் செயலிழப்பாகவும் பக்கவாதமாகவும் வெளிப்படுபவை. அப்படி வெளிப்படும்போதுதான் கிண்டியின் படுக்கை தேவைப்படுகிறது. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் என்று குடும்பமே அலையத் தொடங்குகிறது. மாலை ஆறு மணிக்கு வேலை முடிந்து திரும்பும் ஒரு பெண், வழியில் பத்து நிமிடம் நின்று அழுத்தத்தைப் பார்த்து மாத்திரை வாங்கிக்கொண்டு போக முடிந்தால், அந்த அலைச்சலைப் பல ஆண்டுகள் தள்ளிப்போடலாம், பலருக்கு வராமலே தடுக்கலாம்.

இரண்டாவது காரணம் தொலைவு. 2011 கணக்கெடுப்பின்படியே தமிழ்நாட்டு மக்களில் 48 விழுக்காட்டினர் நகரவாசிகள். ஆனால் கிராமப்புறத்தில் துணை சுகாதார நிலையமும் கிராம சுகாதார செவிலியரும் வேரூன்றிய அளவுக்கு நகரத்தின் குடிசைப் பகுதிகளில் அரசு மருத்துவம் வேரூன்றவில்லை. 50,000 பேருக்கு ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் என்பதே விதி. அந்த இடைவெளியை நிரப்புவதற்காகத்தான் மொத்தம் 708 மையங்கள் திட்டமிடப்பட்டன. கிண்டி மருத்துவமனையோ, எவ்வளவு சிறந்ததாயினும், தருமபுரியிலிருந்தோ இராமநாதபுரத்திலிருந்தோ வருபவருக்குப் பேருந்துக் கட்டணமும், உடன் வருபவரின் சாப்பாடும், இழந்த கூலியும் சேர்ந்த ஒன்றாகவே இருக்கும்.

கட்டடமே வேண்டாம், காப்பீட்டு அட்டையைக் கொடுத்துத் தனியார் மருத்துவமனைக்கு அனுப்பலாம் என்று மூன்றாவது வழி ஒன்றும் பேசப்படுகிறது. 2009இல் தொடங்கிய காப்பீட்டுத் திட்டம் பல உயிர்களைக் காத்திருக்கிறது. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அது அறுவைக்கும் உள்நோயாளிச் சிகிச்சைக்கும் பணம் கொடுக்கும் ஏற்பாடு. மாதாமாதம் அழுத்தம் பார்ப்பதற்கு அந்த அட்டை உதவாது. தனியாருக்குச் செலுத்தும் தொகையால் பொதுமக்களுக்கென்று ஒரு கட்டடமும் மிஞ்சாது.

சிறிய மையங்களின் பலவீனத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மையத்துக்கு ஒரு மருத்துவர், ஒரு செவிலியர், ஒரு சுகாதார ஆய்வாளர், ஒரு உதவியாளர் என்பதுதான் ஏற்பாடு; அவர்களும் தொகுப்பூதியத்தில் ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தப்பட்டவர்கள். மேற்படிப்புக்கு இடம் கிடைத்தாலோ நிரந்தர வேலை கிடைத்தாலோ மருத்துவர் போய்விடுவார், அதை யாரும் குறை சொல்ல முடியாது. எங்கள் பகுதியில் உள்ள ஒரு மையத்தில் ஓராண்டுக்குள் மூன்று முகங்களைப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் என் தாயார் தம் பழைய மருந்துச் சீட்டை எடுத்துக் காட்டி, கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. நாள்பட்ட நோய்க்குத் தெரிந்த முகமே பாதி மருந்து. இந்த மையங்களை எழுப்ப வழிசெய்தது, மத்திய வரி வருவாயை மாநிலங்களுக்குப் பங்கிடப் பரிந்துரைக்கும் 15ஆவது நிதிக்குழு உள்ளாட்சிகள் வழியாகச் சுகாதாரத்துக்கு ஒதுக்கிய மானியம். நாடு முழுவதற்கும் 70,051 கோடி ரூபாய், 2021-22 முதல் 2025-26 வரை ஐந்தாண்டுகளுக்கு. மானியத்துக்கு முடிவுத் தேதி உண்டு, சர்க்கரை நோய்க்கு இல்லை. ஆகவே சுவருக்கு ஒதுக்கும்போதே சம்பளத்துக்கும் மாநில வரவு செலவுத் திட்டத்தில் நிலையான தலைப்பு வேண்டும்.

சுகாதாரச் செலவில் மூன்றில் இரண்டு பங்கோ அதற்கு மேலோ ஆரம்பநிலைச் சிகிச்சைக்குப் போக வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கையே சொல்கிறது. அந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு மையத்தையும் கிண்டியையும் இணைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை: மையத்து மருத்துவர் எழுதித் தரும் பரிந்துரைச் சீட்டோடு போகிறவர், அங்கே மறுபடியும் முதலிலிருந்து வரிசையில் நிற்காமல், குறித்த நாளில் குறித்த மருத்துவரைப் பார்க்க முடிய வேண்டும், அறுவை முடிந்து வீடு திரும்பியவர், அடுத்த மாத மாத்திரையை வாங்கச் சென்னைக்கு மறுபடியும் பேருந்து ஏறாமல், தம் தெருமுனை மையத்திலேயே வாங்கிக்கொள்ள வேண்டும்.