வரிக் காகிதத்துக்கு எந்த ஃபைல்? கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கடைகளில் கிடைக்கும் மூன்று வகை

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர் பக்கத்து ஸ்டேஷனரிக் கடைகளில் வருமான வரி, ஜிஎஸ்டி காகிதம் வைக்க ஃபைல் கேட்டால் மூன்று வகை எடுத்துப் போடுவார்கள்: லீவர் வைத்த பாக்ஸ் ஃபைல், பிளாஸ்டிக் உறைகள் உள்ள டிஸ்ப்ளே ஃபைல், விசிறி போல விரியும் பதின்மூன்று அறைப் பை. எதை வாங்குவது என்பதை விலை பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்தக் காகிதம் எத்தனை வருஷம் இருந்தாக வேண்டும் என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

வருஷா வருஷம் சேரும் ரிட்டர்னுக்கு பாக்ஸ் ஃபைல்தான் சரி. 2023-24 நிதியாண்டை எடுத்துக்கொள்வோம். அதன் மதிப்பீட்டு ஆண்டு, அதாவது அந்த வருமானத்துக்கு வரி கணக்கிடும் அடுத்த ஆண்டு, 2025 மார்ச் 31இல் முடிந்தது. கணக்கில் விட்டுப்போன வருமானத்துக்கு வரித்துறை மறுமதிப்பீட்டு நோட்டீஸ் விட அங்கிருந்து 3 வருஷம் 3 மாதம், அதாவது 2028 ஜூன் 30 வரை அவகாசம். விட்டுப்போனது 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 2030 ஜூன் 30 வரை. 2024 செப்டம்பர் 1 முதல் இந்தக் கணக்கு. அதற்கு முன் பெரிய தொகைக்கு 10 வருஷம் என்று இருந்தது. பல வீடுகளில் பரண் நிறைந்து கிடப்பது அதனால்தான். ஜிஎஸ்டி கட்டுகிறவர்களுக்கு வருடாந்தர ரிட்டர்னின் கெடு தேதியிலிருந்து 72 மாதம்: இதே ஆண்டுக்கு 2030 டிசம்பர் 31. டாக்டர், வக்கீல் போன்றவர்களின் கணக்குப் புத்தகம் 2031 மார்ச் 31 வரை இருக்க வேண்டும். ஆகவே ஃபைலின் முதுகில் ‘2023-24’ என்று மட்டும் எழுதினால் போதாது. கீழே ‘2031 மார்ச் வரை’ என்றும் எழுதுங்கள். கம்பெனியாகப் பதிவு செய்திருந்தால் 8 நிதியாண்டு. அப்பீல் நடக்கும் வருஷத்தின் காகிதத்தைத் தொடவே கூடாது. நஷ்டத்தை அடுத்தடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோகிறவர்கள், கடைசியாக அதைக் கழித்த வருஷத்திலிருந்து எண்ண வேண்டும்.

வாங்கும்போது ஃபைலைத் திறந்து லீவரை நாலைந்து தடவை தூக்கிப் போட்டுப் பாருங்கள். இரண்டு வளையமும் நுனியோடு நுனி பொருந்த வேண்டும். நூலிழை விலகினாலும் தாள் அதில் மாட்டிக் கிழியும். தாள்களை அழுத்திப் பிடிக்கும் அமுக்குப் பட்டை இல்லாத ஃபைல் வேண்டாம். பாதி நிறைந்த ஃபைலில் தாள்கள் சரிந்து துளை அறுந்துபோவது அது இல்லாததால்தான். காகிதம் ஒட்டிய அட்டை ஆடி மழையில் ஈரம் இழுக்கும், கரையானும் ஏறும். மேலே பிளாஸ்டிக் பூசியதை வாங்கி, சுவரை ஒட்டாமல் பீரோவில் நிறுத்தி வையுங்கள். உள்ளே குண்டூசி, ரப்பர் பேண்ட் வேண்டாம்: ஒன்று துரு ஏறும், மற்றது உருகி ஒட்டும்.

பத்திரத்தை மட்டும் பாக்ஸ் ஃபைலில் போடாதீர்கள். பஞ்ச் அடித்தால் ஓட்டை முத்திரையிலோ கையெழுத்திலோ விழும். நிலம் வாங்கிய பத்திரம், வீடு கட்டிய பில், மராமத்து ரசீது எல்லாம் சொத்து இருக்கும் வரை இருக்க வேண்டும். விற்றால், விற்ற வருஷத்தின் கெடு முடியும் வரை. 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய நிலத்தையோ வீட்டையோ விற்கும் இந்தியவாசிக்கு லாபத்தில் 12.5 சதவீதம், அல்லது வாங்கிய விலையைப் பணவீக்கக் குறியீட்டின்படி உயர்த்திக் கணக்கிட்ட லாபத்தில் 20 சதவீதம், இரண்டில் எது குறைவோ அந்த வரிதான். வாங்கிய விலைக்குக் காகிதம் இல்லாவிட்டால் இந்தச் சலுகையைக் காட்டவே முடியாது. இவற்றுக்கு டிஸ்ப்ளே ஃபைல்தான். ஏ4 வாங்காமல் அதைவிட நீளமான எஃப்சி (ஃபூல்ஸ்கேப்) அளவு கேளுங்கள். இல்லாவிட்டால் முத்திரைத்தாளின் ஓரம் வெளியே நீட்டிக் கசங்கும்.

கேரள-தமிழ்நாடு எல்லைக்கு இருபுறமும் நிலம் உள்ளவர்கள் ஒரு வேலை செய்ய வேண்டும். கேரள வில்லேஜ் ஆபீஸில் கரம் (நிலவரி) கட்டிய ரசீது மலையாளத்தில் இருக்கும்; பொள்ளாச்சி ஆடிட்டருக்கு அது புரியாமல் போகலாம். தண்டப்பேர் எண் (வில்லேஜ் ஆபீஸ் பதிவேட்டில் நில உடைமையாளரின் எண்), சர்வே எண், வருஷம் மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் தமிழில் எழுதி அதே உறையில் வையுங்கள். தமிழ்நாட்டு நிலத்தின் பட்டா, சிட்டா வேறு உறையில்.

டிஸ்ப்ளே ஃபைலின் ஒரே ஆபத்து, மையில்லாமல் சூட்டால் அச்சாகும் தெர்மல் ரசீது. எடைமேடைச் சீட்டு, ஏடிஎம் சீட்டு, பெட்ரோல் பில் எல்லாம் வெயிலிலும் சூட்டிலும் வெளுக்கும். மெத்தென்ற பிவிசி பிளாஸ்டிக் உறைக்குள் இன்னும் சீக்கிரம் வெளுக்கும். தேங்காய் விற்ற வருமானத்தை விவசாய வருமானம் என்று காட்டுகிறவருக்கு எடைமேடைச் சீட்டுதான் சாட்சி. வந்த அன்றே ஜெராக்ஸ் எடுத்து அசலோடு சேர்த்து வையுங்கள்.

விசிறிப் பை வருஷம் ஓடும்போது மட்டும் உதவும். பன்னிரண்டு அறை பன்னிரண்டு மாதத்துக்கு, பதின்மூன்றாவது சம்பளத்தில் பிடித்த வரிக்கான சான்றுக்கும் (ஃபார்ம் 16) வங்கி வட்டிச் சான்றுக்கும். ரிட்டர்ன் போட்டதும் காலி செய்துவிடுங்கள். நீண்ட நாள் வைக்க அது லாயக்கில்லை. அடிப்பக்க மடிப்புதான் முதலில் பிரியும்.

கெடு முடிந்ததை அப்படியே பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போடாதீர்கள். பான் எண், வங்கிக் கணக்கு எண், கையெழுத்து உள்ள பக்கங்களைத் தனியே எடுத்துப் பொடியாகக் கிழித்த பிறகு மற்றதைப் போடுங்கள்.