மிக்கேலா, இரபேலா? உறுதிபூசுதலுக்கு ஒரு பாதுகாவலர்

உறுதிபூசுதல் என்ற கத்தோலிக்கச் சடங்குக்குப் பாதுகாவலராக ஒரு புனிதரின் பெயரைத் தேர்ந்தெடுப்போம். பினாங்கில் அதற்குப் பெயர் கேட்டால், பையன்கள் பாதிப்பேர் யோசிக்காமல் 'மிக்கேல்' என்பார்கள். விவிலியத்தின் திருவெளிப்பாடு 12-இல் அரக்கப் பாம்போடு போரிடும் வானதூதர் இவர், போலீஸ்காரர்களுக்குப் பாதுகாவலர். படம் வாங்கும்போது கவனம்: பாம்பை மிதிப்பவருக்கு இறக்கை இருக்க வேண்டும். குதிரைமேல் இருந்தால் பெரும்பாலும் அது புனித ஜார்ஜ்.

இன்னொரு வானதூதரான இரபேலை ஏனோ மறந்துவிடுகிறோம். கையில் கோலும் மீனும் உள்ளவர் அவர்தான். அந்த மீன் தோபித்து நூலில் வருகிறது: இதயத்தையும் ஈரலையும் நெருப்பிலிட்ட புகையில் பேய் ஓடியது, பித்தப்பையைத் தடவியதில் தோபித்துக்குப் பார்வை திரும்பியது. அதனால்தான் பார்வையற்றோர், மருத்துவப் பணியாளர், பயணிகள் எல்லாருக்கும் இவர் துணை. தினமும் பட்டர்வொர்த் ஃபெரி ஏறும் தாதிக்கு என் ஓட்டு இரபேலுக்கே. கதையைக் கத்தோலிக்கப் பதிப்பில் தேடுங்கள். சீர்திருத்த சபைகளின் பைபிளில் பொதுவாக இருக்காது.

திருநாளில் வேறுபாடு இல்லை. முன்பு இரபேலுக்கு அக்டோபர் 24. 1969 நாள்காட்டித் திருத்தத்துக்குப் பின் கபிரியேலும் சேர்ந்து மூவருக்கும் செப்டம்பர் 29. 'ஊரியேல்' என்று எழுதிக் கொடுக்காதீர்கள்: விவிலியத்தில் பெயர் வரும் இந்த மூவரைத் தவிர வேறு வானதூதர் பெயர்களைத் திருச்சபை ஊக்குவிப்பதில்லை.