கேரட் தோட்டமா, லாட்ஜா?

கோவை மத்திய சிறையிலிருந்து விடுதலையாகி மலையேறி வருபவருக்கு ஊட்டிப் பக்கம் சட்டென்று கண்ணில் படுகிற வேலைகள் இவை இரண்டும்.

கேரட் அறுவடைக்கு மேஸ்திரி கூப்பிட்டால் போதும். பயோடேட்டா கிடையாது; "இத்தனை வருஷம் எங்கே இருந்தே?" என்ற கேள்வியும் அனேகமாகக் கிடையாது. கேத்தி பாலாடா, நஞ்சநாடு பக்கம் விடியும் முன்பே நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். பிடுங்கி, தழை ஒடித்து, மூட்டை கட்டி, கழுவும் மிஷினுக்கு அனுப்பினால் அடுத்தது மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி. கூலி கைக்கு வர மாதக் கடைசி வரை காத்திருக்க வேண்டாம். ஆனால் பனியில் விரல் மரத்துப்போகும், காட்டுமாடு குறுக்கே வரும், மழை பிடித்துக்கொண்டால் வருமானமும் நின்றது.

லாட்ஜில் மாதச் சம்பளம், சாப்பாடு, பெரும்பாலும் படுக்க இடம். வீட்டில் சேர்த்துக்கொள்ளாதவருக்கு அந்தப் படுக்கை சாதாரண விஷயமில்லை. 20 பேர் வேலை செய்யும் இடமென்றால் பி.எஃப். உண்டு (பிடிக்கிறார்களா என்று கேட்டுவிட்டே சேருங்கள்). சிக்கல் வாசலிலேயே இருக்கிறது: அறைச் சாவி புழங்கும் வேலை, ஆதாரோடு போலீஸ் சரிபார்ப்பும் கேட்கலாம். ஏப்ரல், மே சீசனில் அவசரத்துக்கு எடுத்துவிட்டு ஜூனில் கணக்கு முடித்து அனுப்புவதும் உண்டு.

என்னைக் கேட்டால் முதலில் கேரட். நாலு மாதம் ஒழுங்காகப் போனால் மேஸ்திரியின் வாய்ச்சொல்லே லாட்ஜ் மேனேஜரிடம் சிபாரிசு. வழக்கை மறைத்துச் சேர்வது மட்டும் வேண்டாம். பாதி சீசனில் தெரிந்தால் வேலையோடு சம்பள பாக்கியும் இழுபறியாகலாம். சொந்தமாகத் தொழில் தொடங்க எண்ணமிருந்தால் மாவட்ட நன்னடத்தை அலுவலரைப் பார்த்து உதவித்தொகை பற்றி விசாரியுங்கள்.